தூணில் தொங்கும் கொப்பி

கொழுந்து மடுவத்துத் தூணில்
தராசுக்குப் பக்கமாய்
ஒரு கொப்பியைத் தொங்கவிட்டேன்.
உரச்சாக்கில் உருவிய நூலில்
ஒரு பென்சிலும்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்:
மழை காலந்தவறிப் பெய்கிறது.
மாவின் விலையை எங்கோ யாரோ தீர்மானிக்கிறார்கள்.
உலகம் முழுக்க இதே பேச்சுத்தானாம்.
நீங்கள் என்ன செய்தீர்கள்?
சின்னதாய் இருந்தாலும் எழுதவும்.
இப்படிக்கு,
கொழுந்துக் கணக்கு தவராணி, மேல்பிரிவு.

முதல் நாள் ஒன்றுமில்லை.
மறுநாள், "சம்பளத்தைக் கூட்டவும்."
நியாயம். கிழிக்கவில்லை.
மூன்றாம் நாள் பென்சிலைக் காணோம்.

புதுப் பென்சில், பழைய நூல்.

எட்டாம் லயத்து இருதயமேரி
எழுதத் தெரியாதென்று
ஒரு சோடாப் போத்தலைக் கழுத்தறுத்துக் கொண்டுவந்து
தராசில் வைத்தாள்.
விரற்கடைக்கு ஒன்றாய்
நகப்பூச்சில் கோடுகள்.
"ராத்திரி மழை மூணாங் கோட்டைத் தாண்டுனா
புள்ளைகள எழுப்பிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருவேன்.
ரெண்டு தடவ சும்மா போனேன், சிரிச்சாங்க.
சிரிக்கட்டும்."
சொன்னதை நான் எழுதினேன்,
போத்தலை அவளே வரைந்தாள்.
அடிப்பக்கம் கொஞ்சம் கோணல்.

லொறி ஓட்டும் பவளராசா
மேட்டில் விட்ட வெடிப்பின் குறுக்கே
இரண்டு முளையடித்துச்
சிவப்பு நூல் கட்டியிருக்கிறான்.
நூல் விறைத்தால் மலை நகர்கிறது.
"அறுந்தால்?" என்றேன்.
"அறுந்தா ஒங்க கொப்பியில எழுத மாட்டேன் அக்கா,
ஓடிருவேன்."

காஸ் கிடைக்காத வருஷத்தில்
சோற்றை ஒரே கொதியில் இறக்கி
மழைக் கம்பளிக்குள் பொத்தி வைத்தாளாம் நிசாமியா.
மலையிலிருந்து திரும்பும்போது வெந்திருந்தது,
கம்பளி மட்டும் மூன்று நாள்
சோற்று வாசம் அடித்தது.

இன்னொரு கை, பெயரில்லாமல்:
"மிளகாய்ப் பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணி அடித்தேன்.
பூச்சி போனது. செடியும் போனது.
யாரும் செய்யாதீர்கள்."
இதற்குக் கீழே நான்
இரண்டு கோடு இழுத்தேன்.

மாசியில் பீலி வற்றினால் என்ன செய்வது என்று
பதிநாலாம் காம்பராவிலிருந்து ஒரு கேள்வி.
ஒன்பது நாள் அப்படியே கிடந்தது.
பத்தாம் நாள் கீழே சிங்களத்தில் நாலு வரி.
பவளராசா வாசித்துச் சொன்னான்:
"எங்கள் கிணறு ஊறுகிறது.
செவ்வாய், வெள்ளி குடத்தோடு வாருங்கள்.
அதற்காகவாவது மேலிருந்து
ஓடையில் குப்பை கொட்டாதீர்கள்.
கீழ்க் கிராமம், ரம்யலதா."

கொட்டுகிறோம்தான்.
அதையும் எழுதி வைத்தேன்.

நுவரெலியாவிலிருந்து ஜீப்பில் வந்த ஒருவர்
பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார்.
பெரிய கூட்டத்தில் காட்டப் போகிறாராம்.
எழுதியவர்களின் விலாசம் கேட்டார்.
லயத்துக் கதவுக்குத் தபால் வராது,
தோட்ட ஆபீசின் பெயரைத்தான் சொன்னேன்.
உலகத்துக்கு நாங்கள் சொல்லும் பதிலுக்கும்
துரையின் மேசையில்தான் முத்திரை விழும் போல.

நீங்கள் எந்த ஊரோ தெரியாது.
கடலோரமாய் இருக்கலாம், மாடிவீடாய் இருக்கலாம்,
தண்ணீர் அங்கே வேறு பக்கத்திலிருந்து வரலாம்.
ஆறுதல் வேண்டாம், அது இங்கேயே நிறைய உண்டு.
எத்தனை கோடு, எந்த நூல்,
எவ்வளவு நேரம் பொத்தி வைத்தீர்கள்,
எது பிழைத்தது, எது செத்தது,
அதைச் சொல்லுங்கள்.
பென்சில் மறுபடி தொலைந்திருந்தால்
தராசடியில் என்னைக் கூப்பிடுங்கள்.

கொப்பி ஈரத்தில் ஊதிவிட்டது.
இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது.
இதை எழுதும்போது மழை
இரண்டாம் கோட்டில் நிற்கிறது.